பாட்காஸ்ட் தேடலில் அகப்படவில்லை, பகிர்ந்தால் திறக்கவில்லை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தமிழில் பாட்காஸ்ட் நடத்தும் நண்பர்கள் சிலருக்குத் தொழில்நுட்ப உதவி செய்துவருகிறேன். அவர்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "நன்றாகத்தான் செய்கிறோம், ஆனால் யாருக்கும் போய்ச் சேரவில்லை." விளம்பரத்துக்குப் பணம் கட்டலாமா என்ற கேள்வியும் உடன் வரும். நான் பார்த்தவரையில் அந்தப் பணம் தேவைப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. பெயரின் எழுத்துக்கூட்டலிலோ, ஓடையின் (நிகழ்ச்சியின் விவரங்களையும் பகுதிகளையும் செயலிகளுக்குத் தரும் ஆர்எஸ்எஸ் கோப்பின்) ஒரு வரியிலோ, பகிர்ந்த இணைப்பிலோதான் கோளாறு இருந்தது. எனவே ஒவ்வோர் அறிகுறிக்கும் எளிதான காரணத்திலிருந்து செலவு பிடிக்கும் காரணம் வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

தொடங்குமுன் மூன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஆர்எஸ்எஸ் ஓடையின் முகவரி, ஒலிக்கோப்புகளை வைத்திருக்கும் சேவையின் நுழைவு விவரம், உங்கள் நிகழ்ச்சியை இதுவரை திறந்தே பார்த்திராத வேறொருவரின் கைபேசி. மூன்றாவது மிக முக்கியம். உங்கள் கைபேசியில் நீங்கள் ஏற்கெனவே சந்தாதாரர் என்பதால், பிறருக்குத் தெரியாத நிகழ்ச்சியும் உங்களுக்குத் தெரியும்.

அறிகுறி 1: செயலியில் பெயரைத் தேடினால் நிகழ்ச்சி வரவில்லை

*ஒரு செயலியில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்றால்*

அந்தச் செயலியின் பட்டியலில் நிகழ்ச்சி சேர்க்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஸ்பாட்டிஃபையில் ஏற்றிவிட்டால் எல்லா இடத்துக்கும் தானாகப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், ஸ்பாட்டிஃபை, யூடியூப், அமேசான் மியூசிக் ஆகிய ஒவ்வொன்றிலும் ஓடையைத் தனித்தனியே பதிய வேண்டும், அல்லது உங்கள் சேவை அதைச் செய்துவிட்டதா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பாட்காஸ்ட் இண்டெக்ஸ் என்ற திறந்த பட்டியலிலும் அவசியம் சேருங்கள். ஆடம் கரி, டேவ் ஜோன்ஸ் ஆகியோர் 2020-இல் தொடங்கிய அதிலிருந்து பல சிறு செயலிகள் தரவைப் பெற்றுக்கொள்கின்றன. சேர்ப்பதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் தளத்தில் கூகுள் பாட்காஸ்ட்ஸ் பொத்தான் இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தச் சேவை 2024-இல் மூடப்பட்டுவிட்டது.

*எந்தச் செயலியிலும் வரவில்லை, ஆனால் முழு ஓடை முகவரியை இட்டால் திறக்கிறது என்றால்*

இங்கேதான் தமிழுக்கே உரிய சிக்கல்கள் இருக்கின்றன. நான் பார்த்த ஆங்கில உதவிப் பக்கங்கள் இவற்றைச் சொல்வதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஔகாரத்தைப் பாருங்கள். "கௌரி" என்று எழுத வேண்டிய இடத்தில் ககர எகரத்தை அடுத்து ளகரத்தை இட்டு "கெளரி" என்று தட்டச்சு செய்வது மிகப் பரவலான பிழை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். தலைப்பில் மௌனம், பௌர்ணமி, சௌந்தரம் போன்ற சொல் ஏதாவது இருந்தால் அதை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள்.

அடுத்தது ஸ்ரீ. ஸகரத்தைக் கொண்டு எழுதும் ஸ்ரீ ஒன்று. 2005-இல் ஒருங்குறியில் (யூனிகோடில்) சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டு எழுதும் ஶ்ரீ மற்றொன்று. பல எழுத்துருக்களில் இவற்றுக்கிடையே வேறுபாடே தெரியாது. கேட்பவரின் விசைப்பலகை எதைத் தரும் என்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே தலைப்பில் ஒன்றையும் விவரணையில் மற்றொன்றையும் இட்டுவைப்பது நல்லது.

மூன்றாவது, ஒகர ஓகாரக் குறிகள். "கோ" என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் சேர்ந்த இரு குறிகளாகவும் சேமிக்கலாம். நன்றாக அமைக்கப்பட்ட தேடல் பொறி இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதும். சிறிய செயலிகளில் அந்த உறுதி இல்லை. சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. தலைப்பை ஓர் உரைத்திருத்தியில் ஒட்டி, "கோ"வுக்கு அடுத்துச் சுட்டியை வைத்துப் பின்னழி விசையை (பேக்ஸ்பேஸ்) ஒருமுறை அழுத்துங்கள். "க" மட்டும் எஞ்சினால் குறி ஒன்றாக இருக்கிறது, "கே" எஞ்சினால் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டிய தலைப்புகளில் இதை அடிக்கடி காண்கிறேன்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் தேடலில் வரவில்லையென்றால், கேட்பவர் ஆங்கில எழுத்தில் தேடுகிறார் என்று கொள்ளுங்கள். கைபேசியில் தமிழ் விசைப்பலகையை நிறுவாத தமிழர்கள் ஏராளம். அவர்களிலும் ழகரத்தை இசட்-எச் என்று எழுதுவோரும் உண்டு, எல் என்று எழுதுவோரும் உண்டு. தலைப்பைத் தமிழில் எழுதி, ஒரு கோடிட்டு, மிக வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலை அதே வரியில் சேருங்கள். ஏனைய எழுத்துக்கூட்டல்களை விவரணையில் இயல்பான வாக்கியமாக எழுதலாம். ஆனால் ஆசிரியர் பெயர்ப் பகுதியில் தேடுசொற்களைக் குவிக்காதீர்கள், பட்டியல் நடத்துவோர் அதற்காக நிகழ்ச்சியை நிராகரிக்கக்கூடும்.

*பெயர் சரியாக இருந்தும் வரவில்லை என்றால்*

ஓடையை உலாவியில் திறந்து மொழிக் குறிச்சொல்லை, அதாவது நிகழ்ச்சி எந்த மொழியில் என்று சொல்லும் வரியைப் பாருங்கள். சேவைகள் பல அதைத் தாமாகவே ஆங்கிலம் என்று இட்டுவிடுகின்றன. தமிழுக்குரிய ஈரெழுத்துக் குறியான டி-ஏ அங்கே இருக்க வேண்டும். அதே இடத்தில் ஐடியூன்ஸ் பிளாக் என்ற குறிச்சொல் "யெஸ்" என்றிருக்கிறதா என்றும் பாருங்கள். சோதனைக்காலத்தில் நிகழ்ச்சியை மறைத்துவைத்தவர்கள் அதை நீக்க மறந்துவிடுவது உண்டு.

அட்டைப்படத்தாலும் விண்ணப்பம் தடைப்படலாம். ஆப்பிள் கேட்பது 1400-லிருந்து 3000 பிக்சல் வரையிலான சதுரப்படம், ஜேபெக் அல்லது பிஎன்ஜி வடிவில், திரைக்குரிய ஆர்ஜிபி வண்ணமுறையில். அச்சகத்துக்கு வேலை செய்யும் வடிவமைப்பாளரிடம் படம் வாங்கியிருந்தால் அது அச்சுக்குரிய சிஎம்ஒய்கே முறையில் இருக்க வாய்ப்பு அதிகம். அவரிடமே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

*யாரை அழைப்பது:* ஒரே நிகழ்ச்சி இரண்டு பதிவுகளாகத் தெரிந்து, அவற்றுள் பழையது உங்களால் நுழைய முடியாத கணக்கில் இருந்தால், அந்தப் பட்டியலின் உதவிப் பிரிவுக்கு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. ஓடையில் இருக்கும் உரிமையாளர் மின்னஞ்சலிலிருந்தே எழுதுங்கள்.

அறிகுறி 2: நிகழ்ச்சி இருக்கிறது, புதிய பகுதி வரவில்லை

செயலிகள் ஓடையைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டிருப்பதில்லை; அவ்வப்போதுதான் வந்து பார்க்கின்றன. ஆகவே முதலில் ஒரு நாள் பொறுங்கள். பொறுத்தும் வரவில்லையென்றால் வெளியீட்டு நேரத்தைப் பாருங்கள். சேவையின் நேர அமைப்பு கிரீன்விச் நேரத்தில் இருந்து, நீங்கள் காலை 6 மணி என்று குறித்திருந்தால், பகுதி இந்திய நேரப்படி முற்பகல் 11:30-க்குத்தான் வெளியாகும். ஆண்டையோ மாதத்தையோ தவறாகக் குறித்து, எதிர்காலத் தேதியில் பகுதி உறங்கிக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ஓடையை இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி-யின் ஓடைச் சரிபார்ப்புப் பக்கத்தில் இட்டுப் பாருங்கள், இது இலவசம். சொந்தத் தளத்தில் வேர்ட்பிரஸ் கொண்டு ஓடை நடத்துவோருக்கு அங்கே இரண்டு பிழைகள் அடிக்கடி வரும். ஒன்று, ஓடையின் முதல் வரிக்கு முன்னால் ஒரு வெற்று வரி புகுந்திருப்பது. அண்மையில் நிறுவிய செருகுநிரலோ (பிளகின்) வார்ப்புருவோதான் (தீம்) பெரும்பாலும் இதற்குக் காரணம். ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். மற்றொன்று, கையால் எழுதிய தலைப்பில் "அண்ட்" குறியை (&) அதற்குரிய மாற்றுக்குறி (&) இல்லாமல் அப்படியே இட்டிருப்பது. அந்த ஒரு குறியால் ஓடை முழுவதும் படிக்க முடியாததாகிவிடும்.

முந்தைய பகுதியை நகலெடுத்துப் புதியதை உருவாக்கும் பழக்கம் இருந்தால், ஜியுஐடி என்ற அடையாளக் குறியைப் பாருங்கள். இரு பகுதிகளுக்கும் ஒரே குறி இருந்தால், இதை ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று செயலி விட்டுவிடும். ஆனால் ஒருமுறை வெளியான பகுதியின் குறியை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். மாற்றினால் அதே பகுதி கேட்பவர்களுக்கு இரண்டாம் முறை வந்து சேரும்.

*பழைய பகுதிகள் காணாமல் போனால்:* வேர்ட்பிரஸ் இயல்பாக அண்மைய 10 பதிவுகளை மட்டுமே ஓடையில் காட்டும். 11-ஆவது பகுதி வெளியானதும் முதல் பகுதி மறைந்துவிடும். வாசிப்பு அமைப்புகளில் அந்த எண்ணிக்கையை உயர்த்துங்கள்.

*யாரை அழைப்பது:* சரிபார்ப்பில் ஓடை பிழையின்றி இருந்தும் ஒலிக்கோப்பு தொடங்கவில்லை, அல்லது இடையிலிருந்து கேட்க முடியவில்லை என்றால், வழங்கி (சர்வர்) கோப்பைத் துண்டு துண்டாகத் தர மறுக்கிறது என்று பொருள். இது உங்கள் கையில் இல்லை. "பைட் ரேஞ்ச் வேண்டுகோளை அனுமதிக்க வேண்டும்" என்ற சொற்களிலேயே வழங்கி நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

அறிகுறி 3: பகிர்ந்த இணைப்பை யாரும் திறப்பதில்லை

தமிழ் பாட்காஸ்ட்கள் பரவுவது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்களில்தான். ஆகவே இந்த அறிகுறியை மற்ற எல்லாவற்றையும்விட முதன்மையாகக் கருதுகிறேன்.

*இணைப்பு நீளமாக, சதவிகிதக் குறிகள் நிறைந்ததாக இருந்தால்*

பக்கத்தின் முகவரி தமிழ் எழுத்தில் இருக்கிறது என்று பொருள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் கொண்டது. முகவரியாக நகலெடுக்கும்போது அது 9 குறிகளாக விரியும். பத்துக் குறி கொண்ட சிறு தலைப்பே 90 குறிகளாகிவிடும். பார்ப்பவர் அதை ஏதோ மோசடி இணைப்பு என்று அஞ்சுகிறார். சில இடங்களில் அது பாதியில் முறிந்தும் போகிறது. முகவரியை மட்டும் குறுகிய ஆங்கில எழுத்திலோ பகுதி எண்ணிலோ வையுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். முன்பு பகிர்ந்த பழைய முகவரி புதியதற்குத் திருப்பிவிடப்படுகிறதா என்பதையும் மறவாமல் பாருங்கள்.

*இணைப்புடன் படமும் தலைப்பும் தெரியவில்லை என்றால்*

வாட்ஸ்அப்பில் அந்த முன்காட்சியை உருவாக்குவது அனுப்புபவரின் கைபேசி. இணைப்பை ஒட்டியவுடனே அனுப்பிவிட்டால் முன்காட்சி உருவாக நேரம் இருக்காது. இரண்டு மூன்று விநாடி பொறுத்து, படம் தோன்றிய பிறகு அனுப்புங்கள். பொறுத்தும் வரவில்லையென்றால் முன்காட்சிக்கு எந்தப் படம் என்று சொல்லும் ஓப்பன் கிராஃப் படக் குறிச்சொல் பக்கத்தில் இல்லை, அல்லது படம் மிகப் பெரியது. 3000 பிக்சல் அட்டைப்படத்தையே அங்கும் இடாமல், சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும் சிறிய படம் ஒன்றைத் தனியே வையுங்கள்.

*திறந்தால் செயலியை நிறுவச் சொல்கிறது என்றால்*

நீங்கள் பயன்படுத்தும் செயலியின் இணைப்பைப் பிறருக்கும் அனுப்புகிறீர்கள். கேட்க ஆசைப்பட்டு வந்தவரில் பெரும்பாலோர் நிறுவும் பக்கத்தைக் கண்டதும் திரும்பிவிடுவர். உலாவியிலேயே ஒலிக்கும் பொத்தானும், அதன் கீழே ஒவ்வொரு செயலிக்குமான இணைப்பும் உள்ள ஒரே பக்கத்தைப் பகிருங்கள். பெரும்பாலான சேவைகள் இப்படியொரு பக்கத்தை இலவசமாகவே தருகின்றன. பிறருடைய நல்ல பகுதி ஒன்றைப் பரிந்துரைக்கும்போது பாக்கெட் காஸ்ட்ஸ் தரும் பகிர்வு இணைப்பு உதவும். அது செயலி இல்லாமலும் உலாவியில் ஒலிக்கும்.

*எல்லாம் சரி, இருந்தும் திறப்பதில்லை என்றால்*

செய்தியில் என்ன எழுதி அனுப்புகிறீர்கள் என்று பாருங்கள். "அவசியம் கேளுங்கள்" என்பதிலிருந்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. எவ்வளவு நேரம் ஓடும், எந்த நிமிடத்தில் பேச்சு சூடுபிடிக்கிறது, அங்கே என்ன சொல்லப்படுகிறது என்று இரண்டு வாக்கியம் எழுதுங்கள். "42 நிமிடம். 17-ஆவது நிமிடத்திலிருந்து கண்மாய் மடை திறக்கும் முறையை ஒரு மடையரே விளக்குகிறார்" என்று ஒரு நண்பர் அனுப்பிய செய்தியைப் பார்த்து, அதுவரை அந்த நிகழ்ச்சியை அறியாதிருந்த நான் அப்போதே கேட்டேன்.

ஒன்றைச் செய்யவே வேண்டாம்: எம்பி3 கோப்பையே குழுவில் அனுப்புவது. அது எளிதாகத் தோன்றினாலும், கேட்டவர் அடுத்த பகுதிக்கு வர வழியில்லாமல் போகிறது, எத்தனை பேர் கேட்டார்கள் என்பதும் தெரியாமல் போகிறது. பிறருடைய நிகழ்ச்சியை அப்படி அனுப்புவது அவர்களின் உழைப்புக்கு நேரடியான இழப்பு.

அறிகுறி 4: சேவையை மாற்றிய பிறகு கேட்போர் மறைந்துவிட்டனர்

இந்தப் பட்டியலிலேயே அதிகச் செலவு வைக்கும் கோளாறு இதுதான். நண்பர் ஒருவர் பயன்படுத்திவந்த இலவசச் சேவை, அறிவிப்பு மின்னஞ்சல் ஒன்றோடு தன் இலவசத் திட்டத்தை நிறுத்திக்கொண்டது. அந்த மின்னஞ்சல் அவர் பார்க்காத பழைய முகவரிக்குப் போயிருந்தது. அவர் விவரம் அறிந்தபோது ஓடை அணைந்துவிட்டிருந்தது. புதிய இடத்தில் எல்லாப் பகுதிகளையும் மீண்டும் ஏற்றினார். பழைய சந்தாதாரரை அங்கே அழைத்துவரத்தான் வழியே இருக்கவில்லை. அந்த வருத்தத்தில் அவர் மூன்று மாதம் ஒலிவாங்கியைத் தொடவில்லை. அதனால்தான் இதை வற்புறுத்தி எழுதுகிறேன்.

*பழைய ஓடை இன்னும் உயிருடன் இருந்தால்:* பழைய முகவரிக்கு வருவோரை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்பும் 301 திருப்பிவிடலைப் பழைய சேவையில் அமைத்து, புதிய ஓடையில் ஐடியூன்ஸ் நியூ-ஃபீட்-யூஆர்எல் குறிச்சொல்லில் புதிய முகவரியை இடுங்கள். குறைந்தது 4 வாரமாவது இரண்டும் இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் பரிந்துரை. முடிந்தால் ஓராண்டு வைத்திருங்கள், மாதக்கணக்கில் செயலியைத் திறக்காத கேட்போரும் இருக்கிறார்கள். பகுதிகளின் ஜியுஐடி குறிகள் பழையனவாகவே வந்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

*மாற்றம் மறுக்கப்பட்டால்:* ஓடையில் பாட்காஸ்ட் லாக்ட் என்ற குறிச்சொல் "யெஸ்" என்றிருக்கும். உங்கள் அனுமதியின்றிப் பிறர் ஓடையைத் தங்கள் சேவைக்கு எடுத்துக்கொள்ளாமல் இருக்க வைத்த பூட்டு அது. பழைய சேவையில் அதைத் திறந்துவிட்டு மாற்றுங்கள். மாறியதும் புதிய இடத்தில் மீண்டும் பூட்டுங்கள்.

*பழைய ஓடை அணைந்துவிட்டிருந்தால்:* ஆப்பிள், ஸ்பாட்டிஃபை ஆகியவற்றின் மேலாண்மைப் பக்கங்களுக்குள் நுழைய முடிந்தால், அங்கே ஓடை முகவரியை நேரடியாக மாற்றுங்கள். அந்தச் செயலிகளின் கேட்போரையாவது மீட்கலாம். கோப்புகளின் படி உங்களிடம் இல்லையென்றால், உங்கள் நிகழ்ச்சியைப் பதிவிறக்கி வைத்திருக்கும் கேட்பவர்களிடம் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, எனக்குத் தெரிந்து சில பகுதிகள் அப்படித்தான் திரும்பக் கிடைத்தன.

*யாரை அழைப்பது:* பழைய சேவை திருப்பிவிடலைத் தரவில்லை, ஆனால் ஓடை உங்கள் சொந்தக் களப்பெயரில் (டொமைன்) இருக்கிறது என்றால், வழங்கி நிர்வாகம் தெரிந்த ஒருவரை ஒருநாள் கூலிக்கு அமர்த்துங்கள். மேலே கூறிய எதையும்விட இந்தச் செலவு பயனுள்ளது. இன்னும் தொடங்காதவர்கள் முதல் நாளிலிருந்தே சொந்தக் களப்பெயரில் ஓடையை வைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி 5: தொடங்கிய சில நிமிடத்தில் கேட்பவர் நிறுத்திவிடுகிறார்

ஒலி தாழ்ந்திருப்பதுதான் முதல் காரணம். ஆப்பிள் பரிந்துரைக்கும் உரப்பளவு கழித்தல் 16 (எல்யுஎஃப்எஸ் என்ற உரப்பு அலகில்), ஒரு டெசிபல் கூடக்குறைய இருக்கலாம். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் உள்ள உரப்பு இயல்பாக்கல் வசதியில் அந்த எண்ணை இட்டால் போதும். இருவர் பேசும்போது ஒருவர் குரல் மட்டும் தாழ்ந்திருந்தால் ஆஃபோனிக் சேவை அதைச் சமன்செய்யும். மாதம் 2 மணி நேர ஒலி வரை இலவசம். கோப்பின் கனமும் ஒரு காரணமாகலாம். ஒரு மணி நேரப் பேச்சு 128 கேபிபிஎஸ் (விநாடிக்குக் கிலோபிட்) அளவில் 57 மெகாபைட்டைத் தாண்டும், 64-இல் ஒற்றைத்தடமாக்கினால் (மோனோ) அதில் பாதிதான். பேச்சுக்கு அது தாராளம். அறையின் எதிரொலியை எந்த மென்பொருளும் முழுதாக நீக்காது. புதிய ஒலிவாங்கி வாங்குமுன், துணிகள் நிறைந்த அலமாரியின் அருகே அமர்ந்து ஒரு முறை பதிவு செய்து பாருங்கள்.

அறிகுறி 6: உரிமைப் புகாரால் பகுதி அகற்றப்பட்டது

முகப்பிசையில் திரைப்பாடலின் துணுக்கு இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். 10 விநாடி வரை பயன்படுத்தலாம் என்று பரவியிருக்கும் நம்பிக்கைக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இடமில்லை. மாற்றாக, யூடியூபின் ஒலி நூலகத்தையும் ஃப்ரீசவுண்ட் தளத்தையும் பாருங்கள். பின்னதில் ஒவ்வோர் ஒலிக்கும் உரிமம் வேறுபடும், வணிகப் பயன்பாட்டுக்கு ஒவ்வாதவையும் உண்டு.

புத்தகம் வாசிக்கும் நிகழ்ச்சியென்றால், எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு நிறைந்ததா, அல்லது தமிழ்நாடு அரசால் அவர் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவையா என்று பாருங்கள். மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புகார் தவறானது என்று நினைத்து மறுப்புக் கொடுப்பதாயின், அதற்கு முன்பே பதிப்புரிமை அறிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். மறுப்பில் கையெழுத்திடுவது சட்டப்பொறுப்பை ஏற்பதாகும்.

அறிகுறி 7: கேட்பவருக்கு நல்ல தமிழ் நிகழ்ச்சிகள் அகப்படவில்லை

செயலியின் பரிந்துரைப் பட்டியல் ஏற்கெனவே பலர் கேட்பதையே மீண்டும் முன்வைக்கும். அதை விட்டுவிட்டுத் தேடலுக்குச் செல்லுங்கள். பாட்காஸ்ட், பாட்கேஸ்ட், வலையொலி என்று மூன்று விதமாகவும் தேட வேண்டும். நடத்துவோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நிகழ்ச்சியின் பெயரைத் தேடுவதைவிட, உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர், மருத்துவர், வேளாண் வல்லுநர் ஒருவரின் பெயரைப் பகுதிகளில் தேடுவது நல்ல பலன் தரும். லிஸன் நோட்ஸ் தளம் பகுதிகளின் தலைப்பு, விவரணை அளவில் தேடித் தரும். ஆஸ்திரேலியப் பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் எஸ்பிஎஸ் தமிழ் போன்ற ஒலிபரப்புச் சேவைகளிலிருந்து தொடங்கி, அங்கே பேசிய விருந்தினர் வேறு எங்கெல்லாம் பேசியிருக்கிறார் என்று தொடர்ந்து செல்லலாம்.

அப்படியும் போதவில்லையென்றால், உங்களைப் போலவே ரசனையுள்ள ஒருவரின் சந்தாப் பட்டியலையே வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்டெனாபாட், பாக்கெட் காஸ்ட்ஸ் ஆகிய செயலிகளின் அமைப்புகளில் ஓபிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. அவர் அதை அனுப்ப, நீங்கள் உங்கள் செயலியில் இறக்குமதி செய்தால், அவருடைய சந்தாக்கள் முழுவதும் ஒரே நேரத்தில் வந்து சேரும். கோப்பை அனுப்புமுன் அதை உரைத்திருத்தியில் திறந்து, கட்டணம் கட்டிப் பெற்ற தனி ஓடை ஏதும் இருந்தால் அந்த வரியை மட்டும் நீக்கிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்; அந்த முகவரி அவருக்கு மட்டும் உரியது.